அப்பாவுக்கு மிஷின் ஏன் இவ்வளவு கம்மியாக மூச்சு கொடுக்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 54. நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போனவர் தவறி விழுந்து நிறையத் தண்ணீர் குடித்துவிட்டார். தூக்கியபோது மூச்சும் பேச்சும் இருந்தது. கரைக்கு வந்தபின் இருமலும் நுரையும். இரவில் திணறல் முற்றி ராமநாதபுரத்தில் சேர்த்தோம். மறுநாள் காலையில் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். இன்று ஐந்தாவது நாள். ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். சார்ட்டைப் பார்த்து எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு மூச்சுக்கு 370 மி.லி.தான் வைத்திருக்கிறார்கள், சாதாரணமாகவே மனுஷன் 500 இழுப்பானாம். மானிட்டரில் ஆக்சிஜன் 90, 91 தாண்டுவதில்லை. 'நூறு வைக்கச் சொல்லு' என்று என் தாய்மாமா சத்தம் போடுகிறார். கார்பன் டை ஆக்சைடு 58க்கு ஏறிவிட்டது. நேற்று முதல் குப்புறப் போட்டிருக்கிறார்கள், முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. மிஷின் போட்டாலே நுரையீரல் கெட்டுவிடும், மதுரைக்குக் கொண்டு போயிடலாம் என்று சொந்தபந்தம் எல்லாம் நெருக்குகிறது. என்ன செய்வது?
- மகள், தங்கச்சிமடம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சொந்தபந்தம் பயப்படுவதில் பாதி உண்மை இருக்கிறது. வென்டிலேட்டர் நுரையீரலைக் கெடுக்கும். எவ்வளவு காற்றை, எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்துக் கெடுக்கும். நீங்கள் பயந்துபோய் எழுதியிருக்கும் 370, 90, 58, குப்புறப் படுக்கை ஆகிய நான்குமே அந்தக் கேட்டைத் தடுப்பதற்காகச் செய்தவை. சார்ட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், அங்கே அப்பாவைக் கவனிப்பவர்கள் வேலை தெரிந்தவர்கள். பக்கத்தில் நின்று பார்க்கிற டாக்டரின் முடிவுக்கு மேல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் செய்வது ஏன் என்று விளக்க முடியும்.

முதலில், நுரையீரலுக்கு என்ன ஆயிற்று? கடல் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். நம் ரத்தத்தின் உப்புச் செறிவு அதில் கால்வாசிதான். அதனால் உள்ளே போன தண்ணீர் சும்மா கிடக்காமல், ரத்தத்திலிருந்து மேலும் நீரைக் காற்றறைகளுக்குள் இழுக்கும். மூச்சு விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற படலமும் கெட்டுப்போகும். நுரை வந்தது இப்படித்தான். படகில் பேசிக்கொண்டு வந்தவருக்கு இரவில் திணறல் வந்ததும் இதனால்தான். தண்ணீர் குடித்தவர் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொன்னாலும், இருமலோ நுரையோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது, டிரம்மில் போட்டு உருட்டுவது எதுவும் உதவாது. நுரையீரலில் உள்ள தண்ணீர் அப்படி வெளியே வராது. வயிற்றில் இருப்பதுதான் மேலே வந்து மறுபடி நுரையீரலுக்குள் போகும்.

இப்படிப் புண்பட்ட நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்து, இரண்டு பக்கமும் நீர் கோத்துக்கொள்வதுதான் ஏ.ஆர்.டி.எஸ். ஆஷ்பா, பெட்டி என்ற அமெரிக்க மருத்துவர்களும் கூட இருந்தவர்களும் 1967இல் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலில் இதை விவரித்தார்கள். நிமோனியாவிலும் வரும், டெங்குவிலும் வரும், ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலிலும் வரும். எவ்வளவு கடுமை என்பதை நீங்களே கணக்குப் போடலாம். ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் 66 (மானிட்டரில் தெரிகிற சதவீதம் வேறு), மிஷின் கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் 60 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 66ஐ 0.6ஆல் வகுத்தால் 110. 2012ஆம் ஆண்டு பெர்லின் வரையறைப்படி 200 முதல் 300 வரை லேசானது, 100 முதல் 200 வரை நடுத்தரம், 100க்குக் கீழே கடுமை. அப்பா நடுத்தரத்தின் அடிமட்டத்தில் இருக்கிறார். இந்த ஒரு எண்ணை மட்டும் தினமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 110 நாளைக்கு 140 ஆனால் நல்லது. மானிட்டரில் மின்னுகிற 90, 91ஐ நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பதால் பயம்தான் மிஞ்சும்.

அடுத்து அந்த 370. நீர் கோத்த இடங்கள் காற்றை வாங்காது. திறந்திருக்கிற கொஞ்சம் பகுதிதான் முழு வேலையையும் செய்கிறது. அதன் கொள்ளளவு ஒரு சின்னப் பிள்ளையின் நுரையீரல் அளவுதான் என்பதால் மருத்துவர்களே அதைக் 'குழந்தை நுரையீரல்' என்பார்கள். உங்கள் வீட்டில் வலை பின்னத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: பாதி வலை முறுக்கிக்கொண்டு விரியாமல் நின்றால், மீன் பாரம் முழுக்க விரிந்த கண்கள் மேல் இறங்கும், கிழிவதும் அங்கேதான். 700, 800 மி.லி. தள்ளினால் அத்தனையும் அப்பாவுக்கு மிச்சமிருக்கிற நல்ல பகுதிக்குள்தான் போகும். அது அளவுக்கு மீறி விரிந்து கசியும். கிழிந்தால் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் போகும். புண்பட்ட செல்கள் விடுகிற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிக்கும். ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் பலர் மூச்சு நின்று இறப்பதில்லை. மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துதான் இறக்கிறார்கள்.

இது ஊகம் இல்லை. 1974இல் வெப், டியர்னி இருவரும் எலிகளுக்கு 45 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் காற்றைத் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்தது. 1988இல் பிரான்சில் ட்ரைஃபஸ் குழுவினர் எலிகளின் நெஞ்சைச் சுற்றிக் கட்டிவிட்டு அதே அளவு அதிக அழுத்தம் கொடுத்தபோது அந்தச் சேதம் வரவில்லை. அழுத்தத்தை விட, நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்பதே கேடு என்று அதில் தெரிந்தது. மனிதர்களிடம் இதை நிலைநாட்டியது அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை. மிஷினில் ஒரு அளவைக் குறைத்ததில் காப்பாற்றிய உயிர்கள் அவை.

அந்த 'கிலோ' எது என்பதில்தான் பல இடங்களில் தவறு நடக்கிறது. அப்பாவின் எடை 82 என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குக்கு அது வேண்டாம். தொப்பை போட்டாலும் நுரையீரல் பெருக்காது. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஆணுக்கு, உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 152.4ஐக் கழித்து, வந்ததை 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். பெண்ணாக இருந்தால் 50க்குப் பதில் 45.5. அப்பா 165 செ.மீ. என்றால் 12.6 பெருக்கல் 0.91, அதாவது 11.5; கூட்டினால் 61.5 கிலோ. அதை 6ஆல் பெருக்கினால் 369. சார்ட்டில் 370. யாரோ டேப் பிடித்து அளந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். 82 கிலோவை வைத்துப் போட்டிருந்தால் 490 வந்திருக்கும். படுத்த படுக்கையாக வருகிறவரின் உயரத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். இந்த ஒரு விஷயத்தில் குடும்பம் உதவலாம்: உயரம் தெரிந்தால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மூச்சின் அளவைக் குறைத்ததற்கு ஈடாகத்தான் எண்ணிக்கையை நிமிஷத்துக்கு 26 ஆக்கியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் 35 வரை போவார்கள். அப்படியும் கார்பன் டை ஆக்சைடு முழுவதும் வெளியேறாது. 58 என்பது அந்த மிச்சம். தெரிந்தே விட்டுவைக்கிற மிச்சம். ரத்தத்தின் அமிலநிலை, அதாவது பி.எச்., 7.28 என்று இருக்கிறது, 7.15க்குக் கீழே சரிந்தால் கவலைப்படுவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்று, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் வீக்கம் வந்தவர்களுக்கு இந்தத் தாராளம் கிடையாது; கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளையின் அழுத்தமும் ஏறும். உங்கள் அப்பா பேசிக்கொண்டே கரைக்கு வந்தவர், அதனால் இதைத் தாங்குவார். ஆனாலும் விழுந்தபோது எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார், நினைவு தப்பியதா என்பதைப் படகில் கூட இருந்தவரிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் இது பல நேரம் விட்டுப்போகிறது.

ஆக்சிஜனை நூறு வைத்தால் என்ன? மானிட்டர் எண் கொஞ்சம் ஏறும், மாமாவுக்கு மனசு ஆறும். ஆனால் அதிகச் செறிவுள்ள ஆக்சிஜன் நாள் கணக்கில் உள்ளே போனால் அதுவே காற்றறைகளைப் புண்ணாக்கும். வேறு சில அறைகள் சுருங்கிப்போகும். அதனால் மானிட்டரில் 88 முதல் 95 வரை இருந்தால் போதும் என்பதுதான் இந்த நோய்க்கு வைத்திருக்கும் இலக்கு. 90, 91 அதற்குள்தான் வருகிறது. ஆக்சிஜனை ஏற்றுவதற்குப் பதிலாக 'பீப்' 10 வைத்திருக்கிறார்கள். மூச்சு வெளியே போன பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைத்து, திறந்த அறைகள் மறுபடி மூடாமல் பார்த்துக்கொள்வது அது. மூச்சுக்கு மூச்சு மூடித் திறந்தால் அந்த உரசலிலேயே அறைகள் புண்ணாகும். பீப்பையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைந்து பிரஷர் விழும்.

குப்புறப் போடுவதைப் பார்த்துத்தான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. மல்லாந்து கிடக்கும்போது நீர் கோத்த நுரையீரலின் பாரமும் இதயத்தின் பாரமும் முதுகுப் பக்கத்தை அழுத்தி மூடிவிடும். நுரையீரலில் பெரும்பங்கு முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. குப்புறத் திருப்பினால் அது திறக்கும். காற்றும் ஒரே சீராகப் பரவும். 2013இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் நடந்த ஆய்வில், 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. அரை மணி, ஒரு மணி போட்டு எடுத்தால் பயனில்லை. ஒரு தடவைக்கு குறைந்தது 16 மணி நேரம். நான்கைந்து பேர் சேர்ந்து திருப்ப வேண்டும். அதில் ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயை மட்டும் பிடித்துக்கொள்வார், திருப்புவதற்கு எண்ணிச் சொல்வதும் அவர்தான். முக வீக்கம் படுத்திருக்கும் நிலையால் நீர் இறங்கி வருவது. மல்லாத்திப் போட்டால் ஓரிரு நாளில் வடியும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: கண்கள் நன்றாக மூடி ஒட்டியிருக்கின்றனவா, கன்னம், நெற்றி, மார்பு, முழங்கால் அழுந்துகிற இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா, தலையைச் சில மணிக்கொரு தரம் மறுபக்கம் திருப்புகிறார்களா. சிவந்திருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மல்லாத்தி நாலு மணி நேரம் கழித்தும் மேலே 110 என்று வந்த அந்தக் கணக்கு 150க்கு மேல் நின்றால், மிஷின் கொடுக்கும் ஆக்சிஜனும் 60க்குள், பீப்பும் 10க்குள் இருந்தால், குப்புறப் போடுவதை நிறுத்துவார்கள்.

'ஏன் இப்படி மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்' என்றும் கேட்பீர்கள். விழித்திருக்கிற நோயாளி மூச்சுக்குத் தவித்து, மிஷின் ஒரு மூச்சு கொடுத்து முடிப்பதற்குள் இன்னொன்றை இழுப்பார். மிஷின் அடுத்தடுத்து இரண்டு கொடுத்துவிடும். 370 இரண்டு தடவை என்றால் 740. கவனமாகப் போட்ட கணக்கு அங்கே வீணாகும். அதற்காகத்தான் மயக்க மருந்து. சில சமயம் ஓரிரு நாளுக்குத் தசை தளர்த்தும் மருந்தும். நுரையீரல் தெளிய ஆரம்பித்ததும் மயக்கத்தைக் குறைப்பார்கள். அப்போது அப்பா ஆட்களைத் தெரியாமல் பேசலாம், கையை இழுக்கலாம். பயப்பட வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவரென்றால் கொண்டு போய்க் கொடுங்கள்.

டாக்டரிடம் தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'பிளாட்டோ பிரஷர் எவ்வளவு?' காற்றை உள்ளே அரை விநாடி நிறுத்தி வைத்து எடுக்கிற அழுத்தம் அது. 30க்குள் இருக்க வேண்டும். சார்ட்டில் 24. அதிலிருந்து பீப் 10ஐக் கழித்தால் 14. இந்த வித்தியாசம் 15ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. திரையில் பெரிதாகத் தெரிகிற உச்ச அழுத்தம் வேறு. அது மட்டும் திடீரென்று ஏறி பிளாட்டோ அப்படியே இருந்தால், குழாய் மடங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் குழாய் உள்ளே நழுவி ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம். இல்லையென்றால் காற்று கிழித்துக்கொண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் போயிருக்கலாம். பின்னது உயிருக்கு ஆபத்து. ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் ஒரே நேரத்தில் விழும், நெஞ்சின் ஒரு பக்கம் அசையாது. சிலருக்குக் கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்று இருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே உடனே குழாய் போட வேண்டும். அப்போது கையெழுத்துக் கேட்டால், மாமா வரட்டும் என்று காக்க வைக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து, மிஷினில் இருக்கும்போதே வருகிற நிமோனியா. மல்லாந்திருக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, தொண்டைக் குழாயின் பலூன் அழுத்தத்தை 20க்கும் 30க்கும் நடுவே வைப்பது எல்லாம் அதற்காக. உங்கள் பங்குக்கு, உள்ளே போகும்போதும் வரும்போதும் கையைக் கழுவுங்கள். தீர்த்தமோ, ஜெபித்த எண்ணெயோ, ஓதிய தண்ணீரோ எதுவானாலும் நெற்றியில் தொட்டு வையுங்கள். வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது. அது பலூனைச் சுற்றிக் கசிந்து நுரையீரலுக்குத்தான் போகும்.

மதுரை விஷயம். 'கழற்றிக் கொண்டு போவது' என்று ஒன்று கிடையாது. இந்த நிலையில் குழாயைக் கழற்றினால் டோல்கேட் வரைக்கும்கூடத் தாங்க மாட்டார். மிஷினோடு போவதாக இருந்தாலும் 110 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். நிமிஷத்துக்கு 26 மூச்சு, தலா 370 என்றால் 9.6 லிட்டர். வழியில் 100 சதவீத ஆக்சிஜனில்தான் பெரும்பாலும் கொண்டு போவார்கள். கசிவையும் மிஷின் தனக்காகச் செலவழிப்பதையும் சேர்த்தால் 10 லிட்டரைத் தாண்டும். பி வகை சிலிண்டரில் இருப்பது சுமார் 1,500 லிட்டர். இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். வழியில் ஒரு நெரிசல் போதும். கணக்கில் வருவதற்கு இரண்டு மடங்கு வண்டியில் இருக்க வேண்டும். பீப் வைக்கக்கூடிய பயண வென்டிலேட்டர், குழாய் நழுவினால் திரும்பப் போடத் தெரிந்த டாக்டர், மிஷின் மாற்றும்போது குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிற பழக்கம் இவ்வளவும் வேண்டும். கிளாம்ப் போடாமல் ஒரு நொடி பிரித்தாலும், நாள் முழுக்கச் சேர்த்து வைத்த அழுத்தம் போய் அறைகள் மூடிவிடும். கையால் பை அழுத்திக்கொண்டே போவது இன்னும் மோசம். அவசரத்தில் அழுத்துகிறவர் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே கிடைக்காத ஒன்று தேவைப்பட்டால் மட்டும் மாற்றுங்கள். குப்புறப் போட்டும், இப்போது 110 ஆக இருக்கிற அந்தக் கணக்கு 80க்குக் கீழேயே பல மணி நேரம் நின்றால் எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிற மிஷின்) பற்றிப் பேச வேண்டும். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வசதி இல்லையென்றால் மாற்ற வேண்டும். இப்போது அப்படி எதுவும் தெரியவில்லை. முதல் தடவை குப்புறப் போட்ட மறுநாளே நகர்த்துவது ரொம்பத் தப்பான நேரம். மாமாவை டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். 'மதுரையில் செய்யப்போவதில் இங்கே செய்யாதது எது?' என்று அவரே கேட்கட்டும்.

கழற்றும் நேரம் வந்தால் மிஷின் கொடுக்கும் ஆக்சிஜன் 40 சதவீதம், பீப் 5 முதல் 8 என்று இறங்கியிருக்கும். தினமும் மயக்கத்தை நிறுத்தி, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை சொந்தமாக மூச்சு விட வைத்துப் பார்ப்பார்கள். முதல் தடவை தோற்றால் அது முடிவில்லை, மறுநாள் மறுபடி பார்ப்பார்கள். இரண்டு வாரத்தை நெருங்கியும் முடியவில்லையென்றால் கழுத்தில் சின்னத் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றலாம் என்பார்கள். நிரந்தரம் என்று நினைத்துப் பல குடும்பங்கள் மறுக்கின்றன. பெரும்பாலோருக்கு எடுத்துவிடலாம், துளையும் மூடிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தபின் குரல் கொஞ்ச நாள் கரகரக்கும். கை கால் தசைகள் கரைந்து, எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கும். நுரையீரல் மாதக்கணக்கில் தேறிக்கொண்டே வரும்; தசை பலம் அதைவிட மெதுவாகத்தான் திரும்பும். ஐ.சி.யூ.விலேயே கை காலை அசைக்கிற பிசியோதெரபியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பீடி இருந்தால் இத்தோடு போகட்டும். கடலுக்குத் திரும்புவதற்கு முன் எக்ஸ்ரேயும், நடக்க வைத்து ஆக்சிஜன் பார்க்கிற சோதனையும் முடிந்திருக்க வேண்டும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்து குழாய் போட நேர்ந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஆனவர் சங்கு குளிக்கவோ, கம்ப்ரசர் காற்றில் மூழ்கவோ பிறகு இறங்கக் கூடாது. மேலே ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று விரிந்து அதே இடத்தில் மறுபடி கிழிக்கும்.